உறுதிமொழியும் டாங்கியும்

பழைய பாலிகஞ்ச் சர்க்குலர் சாலை வழியாகத்தான் நாள்தோறும் வகுப்புக்குச் செல்கிறேன். 1971-இல் இச்சாலை வீடொன்றில்தான் சுதந்திர வங்க வானொலி இயங்கியது. அங்குப் பேசியவர்கள் தாய்மண்ணை விட்டு ஓடிவந்தவர்கள். அவ்வாண்டு மார்ச் 25 இரவு டாக்காவில் அவர்தம் மக்கள்மீது ஏவப்பட்ட டாங்கிகள் யாருடையவை? அமெரிக்கா கொடுத்தவை!

கொடுத்த கதையை நம் மாணவர் அறிதல் வேண்டும். 1954-இல் பாகிஸ்தானுக்குப் படைக்கலன் வழங்க முன்வந்தபோது, அது கம்யூனிசத்தைத் தடுக்கவே என்றார்கள். அயல்நாட்டின்மீது அது திரும்பினால் உடனே தடுப்பேன் என்று ஐசன்ஹோவர் நேருவுக்கு எழுதினார். 1965-இல் காஷ்மீரை முன்னிட்டுப் போர் மூண்டது. கேம்கரணில் பாட்டன் டாங்கிகள் வந்து நின்றன. அமெரிக்கா செய்ததென்ன? அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே தடை! அதுவும் ஓட்டைப் பானை. 1966-இல் மேற்கு ஜெர்மனி ஈரானுக்கு விற்ற 90 சேபர் விமானங்கள் பாகிஸ்தானில் போய் இறங்கின.

1971 நவம்பர் 22-இல், போய்ரா வானில் சேபர்களை வீழ்த்தியவை டம்டமிலிருந்து எழுந்த நாட் விமானங்கள். வரைவு ஆங்கிலேயருடையது, பெங்களூரிலும் கட்டினோம். பெருமைதான், மறுக்கவில்லை.

ஆனால் இன்று? 2020 முதல் 2024 வரை பாகிஸ்தான் இறக்குமதி செய்த பெரும் படைக்கலன்களில் 81 விழுக்காடு சீனத்துடையது என்று அங்கலாய்க்கிறோம். அதே ஆண்டுகளில் உலகிலேயே மிகுதியாக இறக்குமதி செய்த நாடுகளுள் நமக்கு இரண்டாம் இடம்! ரஷ்யனோ பிரெஞ்சுக்காரனோ, உதிரிப்பாகம் விற்றவன் கையில்தானே? நாளை அவனும் "இருவருக்கும் தடை" என்றால், நம் விமானங்களில் எத்தனை, எத்தனை நாள் பறக்கும்? நாடாளுமன்றத்தில் யாரேனும் எழுந்து இதைக் கேட்கட்டும்.