ஆன்டெனாவுக்கும் முகம் உண்டு!

1980-களில் எங்கள் நாஞ்சில் நாட்டில் டி.வி. பார்ப்பது குடும்பத்தோடு செய்யும் வேலை. ஒருவர் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்புவார். "இன்னும் கொஞ்சம் கெழக்கே!" என்று கீழேயிருந்து குரல் போகும். திருவனந்தபுரத்துக்கு ஒரு திசை. இலங்கை ரூபவாகினிக்கு வேறு திசை. 1926-ல் ஜப்பானில் பிறந்த 'யாகி-உடா' ஆன்டெனா அது. முகம் பார்க்கும் திசையில்தான் அதற்குப் பலம்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்கிறீர்களா?

சமீபத்தில் ஒரு அம்மா வந்தார். "டாக்டரே, எதிர்வீட்டு மாடியில செல்போன் டவர் வச்சதில இருந்து ஒறக்கமே இல்ல. தலைநோவு வேற, பாத்துக்கிடுங்க" என்றார். பிரஷர் பார்த்தேன். 170/100! "மாத்திரை சாப்பிடுதீங்களாம்மா?" என்றேன். நிறுத்தி இரண்டு மாதமாம். பழியெல்லாம் டவர் மேல்!

டவரில் நீளப் பெட்டிகள் தொங்குகின்றன அல்லவா? அவையும் திசை பார்க்கும் ஆன்டெனாக்கள்தான். பெரும்பாலும் மூன்று பக்கத்துக்கு மூன்று. டார்ச் வெளிச்சம் போல அலை முன்னோக்கி, சற்றே சாய்ந்து போகிறது. நேர் கீழே விழுவது கொஞ்சம்தான். தூரம் இரட்டித்தால் பலம் கால் பங்காகிவிடும். ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், மிக அருகில் மாடி வீடு இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். 2012 செப்டம்பரில் நம் அரசு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி என்று குறைத்தது. கட்டணம் கட்டி அளந்து பார்க்கச் சொல்ல 'தரங் சஞ்சார்' இணையதளம் 2017-ல் வந்தது.

ஆனால் கையிலிருக்கும் செல்போன்? டவர் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. அதனால் உங்கள் தலை உட்பட எல்லாப் பக்கமும் அலை அனுப்பும். சிக்னல் ஒரு கோடுதான் என்றால் இன்னும் பலமாக அனுப்பும்! இந்த அலைகள் 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற சந்தேகப் பட்டியலில் 2011-ல் சேர்க்கப்பட்டன. நிரூபணம் ஆகவில்லை; ஆனாலும் எச்சரிக்கை நல்லதுதானே?

சிக்னல் குறைவான இடத்தில் நீளப் பேசாதீர்கள். ஸ்பீக்கரில் பேசுங்கள். இரவில் தலையணைக்கடியில் வைக்க வேண்டாம்.

அந்த அம்மாவை அவருடைய பழைய டாக்டரிடமே அனுப்பினேன். மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று. டவர் அங்கேயேதான் நிற்கிறது. பிரஷர் இறங்கிவிட்டது, ஒறக்கமும் வந்துவிட்டது!

நோய்க்குக் காரணம் தேடும்போது முதலில் மாடியைப் பார்க்காதீர்கள். உடம்பைப் பாருங்கள்.