அமெரிக்கா செல்லும் அம்பிக்கு



சென்ற மாதம் கல்பாத்திக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீட்டுத் திண்ணையில் ஒரு பெரிய பெட்டியைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வீட்டுப் பிள்ளை மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்கிறான். பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்பது விமானக் கம்பெனியின் கணக்கு. பாட்டியின் கணக்கோ வேறு. நேந்திரங்காய் வறுவல், கடுமாங்காய், பருப்புப்பொடி என்று அவர் உள்ளே வைப்பதும், தகப்பனார் ஒவ்வொன்றாக வெளியே எடுப்பதுமாக இருந்தது. என்னைக் கண்டதும் தகப்பனார், "நீங்கள் அந்தக் காலத்திலேயே போய்ப் படிச்சுட்டு வந்தவர். அம்பிக்கு நாலு வார்த்தை சொல்லுங்கோ" என்றார்.

அன்று நான் சொன்னவற்றையும், சொல்ல மறந்தவற்றையும் சேர்த்து இம்மாதம் எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலிருந்தும் பிள்ளைகளும் பெண்களும் புறப்படுகிற பருவம் இது. அவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் பெட்டி. வறுவலும் பொடியும் போகட்டும். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன். பாட்டிக்கு மனத்தாங்கல். கறிவேப்பிலையும் எலுமிச்சை, நாரத்தைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்த மரங்களைப் பாழாக்கும் நோயைப் பரப்புகிற சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கி வாழும். ஆதலால் அமெரிக்கச் சுங்கத்தார் அதனை அனுமதிப்பதில்லை. உணவுப் பொருள் எதுவாயினும், தம்மிடம் இருக்கிறது என்று முன்னதாகவே கூறிவிடுவது நலம். கூறினால் வேண்டாததை எடுத்துவிடுவார்கள், அவ்வளவே. மறைத்து அகப்பட்டால் அபராதம்.

அடுத்தது பத்திரங்கள். பாஸ்போர்ட், சர்வகலாசாலை அனுப்பிய 'ஐ-20' என்னும் பத்திரம், சேர்க்கைக் கடிதம், பணத்துக்கு ஆதாரம் ஆகியவை கைப்பையிலேயே இருக்க வேண்டும். இது இன்று நேற்று வந்த கவலையன்று. தலைச்சேரியில் பிறந்து, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த ஜானகி அம்மாள், 1924-இல் பார்பர் உபகாரச் சம்பளம் பெற்று மிச்சிகன் சர்வகலாசாலைக்குத் தாவர இயல் பயிலச் சென்றார். அமெரிக்கக் கரையில் எல்லிஸ் தீவில் அவரைத் தடுத்து நிறுத்தி, குடியேற்ற விவரம் தெளிவான பின்னரே உள்ளே விட்டார்கள். அவர் அஞ்சித் திரும்பிவிடவில்லை. 1931-இல் அதே சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

போய்ச் சேர்ந்ததும் செய்யத்தக்க முதற்காரியம், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் தம் வருகையைப் பதிவு செய்துகொள்வது. ஜாகை மாறினால் 10 நாட்களுக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும். பாடம் நடக்கும் காலத்தில், சர்வகலாசாலைக்குள்ளேயே வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். முதல் ஆண்டில் வெளி வேலை கூடாது. ஹோட்டலில் இரவு வேளையில் ரொக்கக் கூலிக்குப் பாத்திரம் கழுவலாம் என்று எவரேனும் ஆசை காட்டினால், அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். நாலு காசுக்காகப் படிப்பையே இழக்க நேரும். விதிகள் அவ்வப்போது மாறுவன. நண்பர் சொன்னார் என்று நடவாமல், அலுவலகத்தாரிடமே கேட்டு நடக்க வேண்டும்.

ஜாகையைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணால் காணாத வீட்டுக்கு, முகம் தெரியாதவருக்கு, முன்பணம் அனுப்பாதீர்கள். ஏமாற்றுவோர் எங்கும் உண்டு. அங்கே ஏற்கனவே படிக்கும் நம்மவர் ஒருவரை நேரில் பார்த்துவரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் குறித்த மாதம் வரை வாடகை கட்ட வேண்டியதுதான்; இடையில் காலி செய்தாலும் கடமை தீராது. வைத்தியச் செலவு அங்கே மிக அதிகம். ஆகவே இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு நாளும் இருக்கலாகாது. சாதாரண நோவுக்கு மாணவர் வைத்தியசாலையும், உயிருக்கு ஆபத்தான வேளைக்குப் பெரிய ஆஸ்பத்திரியும் என்று முதல் வாரத்திலேயே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கம்பளி அங்கியை இங்கே வாங்கிச் சுமக்க வேண்டாம். பாலக்காட்டுக் கடையில் கிடைப்பது அந்தக் குளிருக்கு ஈடுகொடாது. அவ்வூர்க் குளிருக்கேற்றது அவ்வூரிலேயே கிடைக்கும்.

குளிர் என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் அன்று, இங்கிலாந்தில் நடந்தது. கணித மேதை ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காளி இளைஞர் மகலனோபிஸ், ஒரு நாள் அவர் அறைக்குச் சென்றார். இந்தியப் புள்ளியியல் கழகத்தைப் பிற்காலத்தில் நிறுவியவர் இவரே. ராமானுஜன் குளிரால் மிகவும் துன்புற்றிருந்தார். இரவில் மேலங்கியை அணிந்து, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பதாகச் சொன்னார். கம்பளி போதவில்லை போலும் என்று எண்ணிப் படுக்கையைப் பார்த்தார் மகலனோபிஸ். கம்பளிகள் பல இருந்தன. மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருந்தது. அவற்றைத் தூக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. கம்பளிகளின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார்!

எண்களின் இரகசியங்களையெல்லாம் அறிந்தவருக்குப் படுக்கை விரிக்கும் முறை தெரியவில்லை என்று நாம் நகைக்கலாகாது. கும்பகோணத்தில் வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? அவ்வூராருக்கோ, இதுகூட ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்பது தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை. போர்வை இருந்தும் குளிரில் வாடுவது என்பது இதுதான்.

அம்பிக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் இதுவே. கல்பாத்தியில் நாம் கேட்டுப் பழகியவர்கள் அல்லர். கேட்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. நம் கிராமத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் அடுத்த வீட்டு மாமி சுக்குக் கஷாயத்துடன் வந்து நிற்பார். இரண்டு நாள் வாசலில் கோலம் காணாவிட்டால் தெருவே விசாரிக்கும். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்குள்ளவர் அன்பில்லாதவர் அல்லர். அழைக்காமல் பிறர் காரியத்தில் தலையிடுவது மரியாதைக் குறைவு என்பது அவர்கள் கொள்கை. நம் பிள்ளையோ, வலியச் சென்று கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறான். இருவரும் மரியாதையாகவே இருக்கிறார்கள். நடுவில் பிள்ளை தனித்துப் போகிறான்.

நான் சென்றது 1969-இல். கையில் 8 டாலர்; அதற்கு மேல் அந்நியச் செலாவணி கிடைக்காத காலம். முதல் குளிர்காலத்தில் கடும் ஜுரம் கண்டு மூன்று நாள் அறையிலேயே கிடந்தேன். ரொட்டியும் தண்ணீருமே ஆகாரம். நான்காம் நாள் மாடிப்படியில் தள்ளாடி இறங்கியபோது வீட்டுக்கார அம்மையார் கண்டு பதறிப்போனார். அடுத்த கால் மணியில் சூடான பாலும், மருந்தும், டாக்டரை அழைத்துச் செல்லக் காரும் வந்தன. "ஏன் என் கதவைத் தட்டவில்லை?" என்று அவர் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. அவர் கதவுக்கும் என் கதவுக்கும் இடையே பன்னிரண்டு படிகளே இருந்தன.

வகுப்பிலும் இதே கதைதான். அங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதும் உண்டு. வகுப்பின் நடுவே கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று; கேளாதிருப்பவனே பாடத்தில் நாட்டமில்லாதவன் எனப்படுவான். மாணவரைச் சந்திப்பதற்கென்றே ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கியிருப்பார். அந்நேரத்தில் செல்வது தொந்தரவு ஆகாது. அதே சமயம் நண்பனின் விடையைப் பார்த்து எழுதுவதோ, பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் காட்டுவதோ பெருங்குற்றம்; சர்வகலாசாலையிலிருந்தே நீக்கிவிடுவார்கள். நம் பக்கத்துத் திருநெல்லாயி கிராமத்தில் பிறந்த டி. என். சேஷன், ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பல ஆண்டுகள் பணிபுரிந்த பின்னர், 1968-இல் ஹார்வர்டில் மாணவராக அமர்ந்தார். அதிகாரியாக இருந்தவரே மீண்டும் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கலாம் என்றால், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்குக் கூச்சம் எதற்கு?

என் தமக்கையின் பேரன் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். பள்ளியிலும் கல்லூரியிலும் முதல் வரிசையில் நின்றவன். இரண்டாண்டுகளுக்கு முன் அமெரிக்கா சென்றான். முதற்பருவத்தில் ஒரு பாடத்தில் நூற்றுக்கு 38 வாங்கினான். வாழ்க்கையில் அப்படியோர் எண்ணை அவன் கண்டதில்லை. வீட்டாரிடம், "எல்லாம் சௌகரியம்" என்றே தினமும் சொன்னான். வீட்டின் பேரில் கடன் வாங்கி அனுப்பிய தகப்பனாரிடம் வேறு எப்படிச் சொல்வது? தூக்கம் போயிற்று, உணவு குறைந்தது. கடைசியில் ஒரு நள்ளிரவில், அந்தப் பாடத்தை எவரும் அறியாமல் கம்ப்யூட்டர் மூலம் விட்டுவிட எண்ணினான்.

அதன் விளைவு அவனுக்குத் தெரியாது. மாணவ விசாவில் இருப்பவர் முழு அளவு பாடங்களைப் படித்தாக வேண்டும். முன் அனுமதியின்றி அளவைக் குறைத்தால் விசா நிலையே போய்விடும். அறைத் தோழன் ஓர் ஒற்றப்பாலத்துப் பையன், விழித்திருந்தான். "நாளைக் காலையில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேள், பிறகு விடு" என்றான். காலையில் இருவருமாகச் சென்றார்கள். புதிதாக வந்த மாணவன், அமெரிக்கப் போதனா முறை பழக்கமில்லாமல் தடுமாறினால், முதற்பருவத்தில் பாட அளவைக் குறைத்துக்கொள்ள அனுமதி வழங்க விதியிலேயே இடமுண்டு. பாதி அளவுக்குக் குறையலாகாது. அனுமதி முன்னதாகப் பெற வேண்டும். அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு அதே பாடத்தை மறுபடியும் எடுத்து நன்றாகவே தேறினான். அன்றிரவு அவன் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால், இன்று கடனுடன் ஊர் திரும்பியிருப்பான். விதி அவனுக்குத் துணையாகவே இருந்தது. கேட்டபின்தான் அது தெரிந்தது.

இனிப் பெற்றோர்களுக்கும் சில வார்த்தைகள். என் காலத்தில் கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம் ஆகும். இன்று முகம் பார்த்தே பேசுகிறீர்கள். ஆயினும் பேசுவது என்ன? "சாப்பிட்டாயா? குளிர் எப்படி? எப்போது வேலை கிடைக்கும்?" இம்மூன்றுக்கும் பிள்ளை ஒரே நிமிடத்தில் பொய் சொல்லிவிடலாம். "சாப்பிட்டாயா?" என்று கேட்ட பாட்டி, "யாரோடு சாப்பிட்டாய்?" என்றும் கேட்கட்டும். அதற்கு மூன்று வாரம் தொடர்ந்து "தனியாகத்தான்" என்று விடை வந்தால், கவலைப்பட வேண்டியது அதற்கே. எதிர் வீட்டுப் பையனின் சம்பளத்தைப் பேச்சில் கொண்டுவராதீர்கள். "தோற்றாலும் சொல், சேர்ந்து யோசிப்போம்" என்று புறப்படும் முன்னரே ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அன்பு மனத்தில் இருந்தால் போதும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் அது போதாது. மனம் மிகவும் சோர்ந்தால் பேசுவதற்கென்று சர்வகலாசாலைகளில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள் என்பதையும், அவர்களிடம் செல்வது இழுக்கன்று என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

ஐப்பசித் தேர் வரும். தேர்முட்டியில் தேர்கள் கூடும் மாலையில், நியூயார்க் பக்கத்தில் விடியற்காலையாக இருக்கும். இடைவெளி பத்தரை மணி நேரம். அம்பி அன்று அலாரம் வைத்து எழுந்து படத்தில் பார்ப்பான், கண் கலங்குவான். கலங்கட்டும். அன்று அறைத் தோழர்களையும் எழுப்பி, இது எங்கள் ஊர் என்று காட்டினால் பாதி ஏக்கம் தீர்ந்துவிடும்.

நாமும் ஒரு காலத்தில் வந்து குடியேறியவர்களே அல்லவா? காவிரிக் கரையை விட்டுக் கணவாய் வழியாக வந்த நம் முன்னோர்க்குப் பாஷை புதிது, மழை புதிது, அரசரும் புதியவர். விசுவநாத சுவாமி கோயிலின் கதை நேயர்கள் அறிந்ததே. சேகரிபுரத்து விதவை லட்சுமி அம்மாள் காசியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து, பாலக்காட்டு அரசர் இட்டிக் கோம்பி அச்சனிடம் பொன்னை ஒப்படைத்து, கோயில் எழுப்பித் தருமாறு கேட்டார் என்றும், 1425-ஆம் ஆண்டளவில் அது நிறைவேறியது என்றும் சொல்லுவார்கள். துணையற்ற ஒரு பெண்மணி வேற்று நாட்டு அரசரிடம் சென்று வாய்திறந்து கேட்டார். அதனால்தான் நமக்கு ஒரு கோயிலும், கோயிலைச் சுற்றி ஓர் ஊரும் உண்டாயின. ஓலனும் காளனும்கூட நம் பாட்டிமார் அயலாரிடம் கேட்டுக் கற்றவையே.

ஆகவே அம்பி, போய் வா. பெட்டியில் பாட்டி வைப்பதை வைத்துக்கொள். கறிவேப்பிலையை மட்டும் விட்டுவிடு. தெரியாததைக் கேள், முடியாததைச் சொல். அடுத்த தேருக்கு உன் கடிதம் ஒன்று இப்பத்திரிகைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த மாதம் சந்திப்போம்.