எத்தனை ஆடு, எவ்வளவு நெய்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு, தினம் ஒரு உழக்கு நெய், பொறுப்பான இடையர் பெயர். ஆயிரம் வருஷம் கழித்துப் படிப்பவருக்கும் குழப்பமில்லை.

இன்று நமக்குப் பதிலாக ஃபேஸ்புக், வாட்ஸப்பில் செய்தி போட ஏ.ஐ. ஏஜென்ட் வந்தாச்சு. ஒவ்வொரு டூலும் என்ன செய்யும் என்று கம்பெனிக்காரர்கள் எழுதி வைப்பதைப் படித்துத்தான் அது நடக்கும். 2024-ல் வந்த எம்.சி.பி. முறையிலும் அப்படித்தான். அதில் 'செய்தி அனுப்பும்' என்று மொட்டையாக ஒரு வரி இருந்தால்? யாருக்கு? அனுப்பியதை அழிக்க முடியுமா?

'நெல்லுல ஈரம் ஜாஸ்தின்னு மச்சானுக்குச் சொல்லு' என்கிறீர்கள். திருவையாறு முழுக்கப் போய்விடுகிறது. வியாபாரி விலையை இறக்குகிறார். மெஷின் தப்பு என்பார்கள். நம்பாதீங்க! அரைகுறையாக எழுதியவர் தப்பு. ஆட்டுக்கே கணக்கு எழுதிய ஊர் சார் இது. நம் மானத்துக்கு எழுத மாட்டார்களாமா?