தெளிவான படமும் உண்மையான படமும்

வைத்தியசாலையில் எடுத்த படம் மங்கலாக இருந்தாலும் கணனி அதனைத் திருத்திவிடும் என்று எம்மவர் பலர் ஆறுதல் கொள்கின்றனர். அந்த ஆறுதலில் பாதி நியாயமானது.

1990இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் ஆடி பிழையான வடிவில் தீட்டப்பட்டிருந்தது. 1993இல் விண்வெளி வீரர்கள் சென்று சீர்செய்யும்வரை, மங்கிய படங்களைக் கணனியே கூர்மையாக்கியது. ஒளி எவ்வாறு சிதறுகின்றது என்பதை விஞ்ஞானிகள் அறிந்திருந்தமையால், அச்சிதறலைக் கணக்கினாலேயே பெருமளவு நீக்க முடிந்தது. இதே முறை வைத்தியப் படங்களுக்கும் உதவுகின்றது. மங்கலின் காரணம் தெரிந்த அளவுக்கே திருத்தமும் நம்பத்தக்கது.

இன்றைய முறை வேறு. ஏராளமான பழைய படங்களிற் பயின்ற கணனி, எம்.ஆர்.ஐ. கருவி அளக்காமல் விட்டவற்றை, 'இங்கு இப்படித்தான் இருக்கக்கூடும்' என்று தானே நிரப்புகின்றது. இதனால் கருவிக்குள் கிடக்கும் நேரம் குறைகின்றது. குழந்தைகளுக்கும், சிறையறை கண்டு மூடிய இடங்களுக்கு அஞ்சுவோருக்கும் (அவர்கள் எம்மிடையே பலர்) இது சிறு நன்மையன்று. ஆயினும், அளவீட்டில் நேரும் மிகச் சிறு மாற்றமே இத்தகைய படத்தைப் பெரிதும் பிழையாக்கக்கூடும் என்றும், சிறியதொரு கட்டியின் தடயம் அடியோடு மறைந்துவிடலாம் என்றும் 2020இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மங்கலான படத்தைக் கண்ட வைத்தியர் ஐயுற்று மீண்டும் எடுக்கச் சொல்வார். பளிச்சென்ற படத்தை யார் ஐயுறுவார்?

புகலிடம் கோருவோருக்கு இது நோயோடு முடியும் விடயமன்று. சுவீடனில் 2017 முதல் இளையோரின் வயதை மதிப்பிட முழங்காலின் எம்.ஆர்.ஐ. படமும் ஞானப்பல்லின் எக்ஸ்ரே படமும் எடுக்கப்பட்டன. தொடையெலும்பின் கீழ்முனையில் வளர்ச்சிப் பகுதி மூடிவிட்டதா என்பதே அங்கு எழுந்த வினா. அப்படங்களை இத்தகைய கணனி திருத்தியது என்று நாம் கூறவரவில்லை. ஆனால் மெல்லிய கோடு ஒன்றில் ஓர் இளைஞனின் வழக்கே தங்கியிருக்கும்போது, அக்கோட்டை வரைந்தது எலும்பா கணனியா என்று கேட்கும் உரிமை அவனுக்கு வேண்டும்.

வைத்தியப் படங்களுக்கான டைகொம் என்னும் பொது நியமத்தில், மூலப்படமா அதிலிருந்து பெறப்பட்ட படமா என்று குறிக்க இடமுண்டு. அது போதாது. கணனி எதனை நிரப்பியது என்பது அறிக்கையிலும் எழுதப்பட வேண்டும். கருவியின் மூல அளவீடுகள், வழக்கு முடியும்வரையேனும், அழிக்கப்படாது காக்கப்பட வேண்டும். இவற்றைக் கோருமாறு எமது வாசகர்கள் தத்தம் சட்டத்தரணிகளிடம் இப்போதே சொல்லி வைக்கலாம்.