ஒட்டும் தகடுகளும் ஒரு வினைச்சொல்லும்

புனே அருகே ஆகுர்டியில் 1972-இல் உருவான பஜாஜ் சேத்தக், தகட்டு உடல் கொண்ட வண்டி. 2022-இல் அதே ஊரில் தொடங்கிய ஆலையில் உருவாகும் மின்சாரச் சேத்தக்கின் உடலும் உலோகத் தகடே. ஆனால் சிறு பிரஸ் பட்டறைகளில், அடுக்கிலிருந்து ஒரு தகட்டைப் பிரித்தெடுப்பது தனியொரு வேலையாக எண்ணப்படுவதே அரிது.

எண்ணெய் பூசிய தகடுகள் 'ஒட்டிக்கொண்டன' என்பது வழக்கு. அவ்வினைச்சொல்லே நோயைத் தவறாகக் கணிக்கிறது, எண்ணெய் பசையன்று. மேல்தகட்டை நேராகத் தூக்கினால் விரியும் இடைவெளியை நிரப்பக் காற்றோ எண்ணெயோ விளிம்பிலிருந்து உள்ளே பாய வேண்டும். நூலிழை இடுக்கில் அது எளிதில் பாயாது. திரவத்தில் அமிழ்ந்த தட்டுகளைக் கொண்டு யோசப் ஸ்டெபான் 1874-இல் ஆராய்ந்தது இதைத்தான். ஒரே வேகத்தில் பிரிக்கையில், இடைவெளி பாதியானால் தடை எட்டு மடங்காகும்.

ஆகவே எண்ணெயைத் துடைப்பது வீண்வேலை, துருவே மிஞ்சும். விளிம்பைத் திறக்க வேண்டும். எஃகுத் தகடாயின் அடுக்கின் பக்கத்தில் நிலைக்காந்தங்களை நிறுத்தினால், விளிம்புகள் ஒரே துருவமேற்று ஒன்றையொன்று தள்ளி விசிறிபோல் விரியும். அலுமினியம் இதற்கு மசியாது. அங்கே விளிம்பில் காற்றைப் பீய்ச்ச வேண்டும், அல்லது உறிஞ்சு கிண்ணத்தால் ஒரு மூலையை முதலில் வளைத்துத் தூக்க வேண்டும்.

இவை இல்லாத இடத்தில் விரல் நகமும் ஸ்க்ரூடிரைவர் முனையுமே கருவிகள். வெட்டு விளிம்பின் பிசிறு கையுறையையும் கிழிக்கும். இரட்டைத் தகட்டை உணரும் கருவியைப் பொருத்தினாலும் அது காப்பது அச்சை மட்டுமே. உதிரிபாக ஒப்பந்தத்தில் தகட்டின் கனத்தை நுணுக்கமாக வரையறுக்கும் வாகன நிறுவனங்கள், தகடு பிரிக்கும் காந்தத்தையும் அதே தாளில் நிபந்தனையாக்கலாம்.