ஜன்னலுக்கு பிலிம் ஒட்டினால் திருடன் திரும்பிப் போவானா? நெல்லை வீடுகளும் ‘மைக்ரான்’ கணக்கும்

நெல்லை:

கண்ணாடியில் ஒரு பிலிம் ஒட்டினால் போதும், கொள்ளையன் உள்ளே வரவே முடியாது என்று சொல்லி விற்கிறார்கள். அதை நம்பி பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் விசாரிப்பது நல்லது.

நெல்லை, பாளையில் இப்போது கட்டும் வீடுகளில் பழைய மர ஜன்னலும் இரும்புக் கம்பியும் குறைந்து வருகின்றன. பெருமாள்புரம், தியாகராஜநகர், கே.டி.சி. நகர் பக்கம் போனால் யு.பி.வி.சி. ஸ்லைடிங் ஜன்னலும், மாடிப்படி ஓரத்தில் ஆள் உயர கண்ணாடியும் சாதாரணமாகி விட்டன. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், அமெரிக்கா என்று போய்விட, வீட்டில் இருப்பது வயதான அப்பா-அம்மா மட்டும். பயம் வராமல் என்ன செய்யும்?

2019-ம் ஆண்டை நெல்லைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜூலை 23-ந் தேதி முன்னாள் மேயர் உமா மகேஸ்வரி, அவரது கணவர், வேலைக்கார பெண் ஆகிய 3 பேரும் வீட்டுக்குள்ளேயே படுகொலை செய்யப்பட்டனர். அடுத்த 19-வது நாள், ஆகஸ்டு 11-ந் தேதி இரவு, கடையம் அருகே கல்யாணிபுரத்தில் முகமூடி கொள்ளையர்கள் புகுந்தனர். அப்போது அது நெல்லை மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தில் துணியை போட்டு இறுக்க, சத்தம் கேட்டு ஓடி வந்த மனைவி செருப்பு, நாற்காலி என்று கையில் கிடைத்ததை எல்லாம் தூக்கி வீசினார். இருவரும் சேர்ந்து அரிவாளுடன் வந்தவர்களை விரட்டி அடித்த சி.சி.டி.வி. காட்சி நாடு முழுக்க பரவியது. சுதந்திர தினத்தன்று தம்பதிக்கு அரசு விருதும் கிடைத்தது.

கல்யாணிபுரத்தில் கொள்ளையர்கள் வந்தது வாசல் வழியாக. ஜன்னல் பக்கம் அவர்கள் போகவே இல்லை.

கடப்பாரைதான் சாவி

பூட்டிய வீட்டில் கொள்ளை என்று வரும் செய்திகளை தினமும் படிப்பவர்களுக்கு அந்த வரி மனப்பாடம். ‘முன்பக்க கதவின் பூட்டை உடைத்து உள்ளே புகுந்த மர்மநபர்கள் பீரோவில் இருந்த நகை-பணத்தை...’ என்றுதான் தொடங்கும். கிரில் போட்ட ஜன்னலோடு மல்லுக்கட்ட திருடனுக்கு என்ன தலையெழுத்து? கடப்பாரையால் ஒரு நெம்பு, கதவு திறந்து விடும்.

அப்படியானால் பிலிம் வீணா? அதுவும் இல்லை. அது எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

பிலிம் என்பது பாலியஸ்டர் தாள். கண்ணாடியை உடையாமல் காப்பாற்றாது. உடைந்த சில்லுகளை சிதற விடாமல் பிடித்து வைக்கும். கையை விட்டு கொண்டியை திறக்கவோ, ஆள் நுழையவோ திருடன் திரும்ப திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். அதில் கிடைப்பது கொஞ்ச நேரமும், நிறைய சத்தமும். அக்கம்பக்கத்தில் ஆள் இருந்தால் அந்த நேரத்துக்கு மதிப்பு உண்டு. தோப்புக்குள் தனி வீடு என்றால் சத்தத்தை யார் கேட்பது?

ஏமாற்று நடப்பது மைக்ரானில்தான். வெயிலுக்கு ஒட்டும் சாதாரண பிலிம் சுமார் 50 மைக்ரான்தான் இருக்கும். பாதுகாப்பு பிலிம் 100 மைக்ரானில் தொடங்கி 200, 300 வரை போகிறது. நெல்லை வெயிலுக்கு முன்னதும் தேவைதான், ஆனால் அதையே ‘சேப்டி பிலிம்’ என்று தலையில் கட்டினால் ஏமாறக்கூடாது. பில்லில் மைக்ரானை எழுதி வாங்குங்கள்.

இன்னொரு விஷயத்தை கடைக்காரர் பலர் வாய் திறந்து சொல்வதில்லை. கண்ணாடியின் கண்ணுக்கு தெரியும் பகுதியில் மட்டும் ஒட்டிவிட்டு போனால், ஓங்கி ஒரு உதை விட்டதும் மொத்த கண்ணாடியும் பிலிமோடு சேர்ந்து பாய் மாதிரி உள்ளே விழும். டப்பன் கண்ணாடியில் இது இன்னும் மோசம், அது முழுசாக பொடிந்து விடும். ஓரத்தை சட்டத்தோடு சேர்த்து அதற்கான சிலிக்கான் பசை அல்லது பட்டையால் பிடிக்க வைக்க வேண்டும். ஒட்டிய பிறகு முழு பிடிமானம் வர சுமார் ஒரு மாதம் ஆகும். ஸ்லைடிங் ஜன்னலின் லாக் லொடலொட என்று இருந்தால் எந்த பிலிமும் உதவாது.

கார் கண்ணாடியில் கருப்பு பிலிம் ஒட்ட 2012-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டதே, வீட்டுக்கும் அது உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். அது வாகனங்களுக்கான உத்தரவு. வீட்டு ஜன்னலை கட்டுப்படுத்தாது.

உண்மையில் இந்த பிலிம் பேர் வாங்கியது திருடனை தடுத்ததற்காக அல்ல. குண்டுவெடிப்பு, புயல் போன்றவற்றில் பறக்கும் கண்ணாடி சில்லில் இருந்து ஆளை காப்பாற்றவே பல நாடுகளில் ஒட்டுகிறார்கள். 2013 பிப்ரவரியில் ரஷியாவின் செல்யாபின்ஸ்க் நகர வானில் விண்கல் வெடித்தபோது ஆயிரத்துக்கும் அதிகமானோர் காயம் அடைந்தனர். பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி கிழித்த காயம். சின்ன பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில், ஆள் உயர கண்ணாடி கதவுக்கு பிலிம் ஒட்ட இந்த ஒரு காரணமே போதும்.

எனவே காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் முன்கதவு, பின்கதவு, மொட்டை மாடி கதவு மூன்றுக்கும் நல்ல பூட்டும் தாழ்ப்பாளும். அடுத்து கிரில், அதிலும் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி. தீ பிடித்தால் வெளியே வர வழி வேண்டாமா? கிரில் போட முடியாத மாடிப்படி கண்ணாடிக்கும், பால்கனி கதவுக்கும்தான் பிலிம். வெளியூர் போகும்போது போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட்டு போவதற்கு செலவே இல்லை.