ஏச்சுக்குப் பயந்து ஒளியும் பிழைகள்

எனது சாச்சி ஆடைத் தொழிற்சாலையொன்றில் தைப்பவர். அவருடைய வரிசைக்கு முன்பு பொறுப்பாக இருந்த சூப்பர்வைசர், ஒரு தையல் பிசகினாலும் எல்லோர் முன்னிலையிலும் ஏசுவாராம். பிழை குறைந்ததா? இல்லை. பிழைத்த துண்டுகளைப் பிள்ளைகள் கட்டின் அடியில் செருகிவிட்டார்கள். கடைசியில் பரிசோதனை மேசையில் அத்தனையும் பிடிபட்டு, முழு வரிசையும் இரவுவரை இருந்து தையல் பிரித்தது.

ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் இதற்கு நேர்மாறான வழக்கம். கோளாறைக் கண்ட தொழிலாளி சமிக்ஞை கொடுப்பார். குழுத் தலைவர் உதவிக்கு வருவார். உடனே தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். சமிக்ஞை கொடுத்தவருக்கு ஏச்சில்லை.

இதை வாசித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. தமிழ் மன்றச் செயலாளராக நானும் அந்த சூப்பர்வைசர்தான். அழைப்பிதழில் திகதி பிழையென்று ஒரு தங்கை சொல்ல வந்தாள். "இப்பவா வந்து சொல்ற?" என்று எல்லோர் முன்னும் சீறினேன். அடுத்த விழாவின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பெயர் விடுபட்டிருந்தது. அவள் கண்டிருக்கிறாள், சொல்லவில்லை. மேடையில்தான் தெரியவந்தது.

வேலை வாங்கத் தெரிந்தவரிடம் கெட்ட செய்தி முதலில் வந்துசேர வேண்டும் என்பதே என் கருத்து. கண்டிப்பு வேண்டாமென்று சொல்லவில்லை. சாச்சியின் இப்போதைய சூப்பர்வைசரும் கண்டிப்பானவர்தான். பிழையைத் தைத்தவரே பிரிக்க வேண்டும். ஆனால் இயந்திரத்தில் என்ன கோளாறு என்றுதான் முதலில் கேட்பாராம். இப்போது சாச்சி தானாகவே கையை உயர்த்துகிறார்.

அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையை எழுத்துப்பிழை பார்க்க அவளிடம்தான் கொடுத்திருக்கிறேன்.